ஒட்டுப்பால் டின்னும் என் மூக்கும்

மருந்துக்கடையில் பில் போடுகிறவனுக்கு ஒரு வருடத்தில் பாதி டாக்டர் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு மூன்று மாதமே போதுமாயிருந்தது.

கொரோனா காலத்தில் தங்கச்சி ரோசியின் கல்யாணத்துக்காகக் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகள். ஊரடங்கால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம் அது. சனிக்கிழமை மாதா கோயிலில் சுருக்கமாக நடத்திக்கொள்ளலாம், ஆனால் லயத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார் சுகாதாரப் பரிசோதகர்.

வந்து இறங்கியதுமே மூக்கைப் பொத்தினேன். வீட்டுக்குப் பின்னால் ஒட்டுப்பால் மூட்டை. (ரப்பர் மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய பாலைச் சுரண்டிச் சேர்ப்பது. நாள்பட்டால் செத்த எலியே தேவலை.)

"என்னம்மா இந்த நாத்தம்?"

"கொழும்புக்குப் போயி ஒனக்கு மூக்கு நீண்டுருச்சு," என்றார் அம்மா.

லயத்தில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மணம் தெரியவில்லை, யாருக்கு மனசு சரியில்லை என்று விசாரித்துப் போனில் சொல்ல பரிசோதகருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. (எங்கள் லயத்தை யாராவது எண்ணிப் பார்ப்பது ஓட்டுக்கும் தொற்றுக்கும் மட்டும்தான்.) என் மருந்துக்கடைப் பெருமையைக் கேட்டு என்னையே பிடித்துப் போட்டார்.

வெறுமனே கேள்வி கேட்டால் அது ஆராய்ச்சியா? ஒரு பால்மா டின்னில் ஒட்டுப்பாலை அடைத்துக்கொண்டு கிளம்பினேன். இந்த நாற்றமே தெரியாதவருக்கு நிச்சயம் கொரோனா. டின் எனக்கு அவ்வளவாக நாறவில்லை. நல்ல மாஸ்க் என்று மெச்சிக்கொண்டேன்.

முதல் வீடு செபமாலை அக்காவுடையது.

"மோந்து பாருங்கக்கா. என்ன வாசம் வருது?"

"ஒன்னும் வரலியேப்பா."

"நல்லா மோந்து பாருங்க."

"மூக்கையே டின்னுக்குள்ள விட்டாச்சு. இன்னும் என்னத்த விட?"

"சரி, மனசு எப்படி இருக்கு?"

"நீ வந்து கதவத் தட்டுற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

எல்லா வீட்டிலும் இதே பதில். பிறந்ததிலிருந்து அந்த நாற்றத்திலேயே உண்டு உறங்கியவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. தொற்றைத் தேடப் போனவன் லயத்து மூக்குகளையெல்லாம் ஒரே டின்னுக்குள் விடவைக்கிறேனே என்றும் தோன்றவில்லை. பரிசோதகருக்குப் போன் போட்டு, "லயம் முழுக்க மணம் போயிருச்சுங்க சேர்," என்றேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று பின்னேரமே அவர் ஆட்களோடு வந்துவிட்டார். எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி மூக்கில் குச்சி விட்டார்கள். ரோசியின் கண்கள் கலங்கியிருந்தன.

"ஏன் அண்ணே, சனிக்கிழம வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்க ஒனக்கு ஏலாதா?"

பரிசோதகர் என்னருகே வந்ததும் மாஸ்க்குக்கு மேலே கைக்குட்டையையும் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"மொகக்த மே கந்த?" என்றார் சிங்களத்தில். என்ன நாற்றம் இது என்று கேட்கிறார்.

நான் மாஸ்க்கை இறக்கி, கையிலிருந்த டின்னுக்குள் மூக்கை விட்டு இழுத்தேன். இன்னொரு முறை இழுத்தேன்.

"ஒன்னும் வரலியே சேர்."

பரிசோதகர் பின்னால் நகர்ந்தார். முதலில் சிரித்தது செபமாலை அக்கா.

முடிவு வந்தபோது லயத்தில் வேறு ஒருவருக்கும் தொற்றில்லை. டின்னோடு வீடுவீடாகப் போனவனுக்கு மட்டும் இருந்தது. தங்கச்சிக்குக் கொழும்புச் சீராக அதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். மற்றவர்கள் தப்பியது அந்தோணியார் புண்ணியம். என்னை வண்டியில் ஏற்றினார்கள், எங்கள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள், கல்யாணம் இரண்டாம் முறையும் தள்ளிப்போனது. ஏற்றும்போது ரோசி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

பிறகு அவள் கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. இன்றைக்கும் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், மூடிய சட்டியை என் மூக்கருகே கொண்டுவந்து லேசாகத் திறந்து, "வாசம் வருதா அண்ணே?" என்பாள். வருது என்றால்தான் சோறு.

போன முறை சளியில் மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது. நல்ல பசி வேறு.

"கருவாட்டுக் குழம்பு கமகமன்னு வருது ரோசி," என்றேன்.

மூடியை முழுதாக எடுத்துக் காட்டினாள். சட்டியில் வெறும் சுடுதண்ணீர்.