விளக்கு வைக்கிற நேரத்தில் வாங்கிய மார்க்கு

பொன்மலை,
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி அரவிந்தனுக்கு அத்தை சகுந்தலாவின் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் குடிதண்ணீர்க் குழாயைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உன் கல்யாணத்தில் என்னை மூன்றாம் பந்திக்கு நிறுத்தியதையும், அதற்குள் பாயசம் தீர்ந்துபோனதையும் நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

நிற்க, எந்தத் திட்டம் ஒழுங்காக நடக்கிறது என்று அளந்து பார்த்து, அதன்படி அடுத்த வருஷத்துப் பணத்தைப் பிரிக்கிற வேலை சென்னையில் உன்னுடையது என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். அப்படி அளக்க, கலைமதி என்ற பெண் கையில் போனோடு எங்கள் தெருவுக்கும் வந்தாள். நல்ல பெண்தான். ஆனால் வந்தது வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். வாசலில் நின்று, "பாட்டி, குழாய்ல தண்ணி வருதா, இல்லையா?" என்கிறாள். அந்த நேரத்தில் எந்த வீட்டில் இல்லை என்று வாயைத் திறப்பார்கள்? உப்பு தீர்ந்தாலே நிறைஞ்சிருக்கு என்று சொல்கிற தெரு இது. "வருதும்மா, நிறையவே வருது" என்று சொல்லிக் குங்குமம் கொடுத்து அனுப்பினேன். எதிர்வீட்டு வேணி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அதையே சொன்னாள். தெரு முழுக்க அதேதான். நூற்றுக்கு நூறாம். அதனால் எங்களுக்குப் புதுக் குழாய் வேண்டியதில்லை என்று பணத்தைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே அவள் போனது திங்கள் காலை. பாதிப் பேர் வருது என்றார்களாம், பாதிப் பேர் வரல என்றார்களாம். அந்தத் தெருவில் எதற்குத்தான் ஒத்துப்போயிருக்கிறார்கள். அங்கிருக்கிற வள்ளிக்கண்ணு, என் இட்லிக் குண்டானை வாங்கிக்கொண்டு போய் இன்னும் தராதவள், என்னிடமே வந்து, "என்னக்கா, உங்க தெருவுல ஆறே ஓடுதாமே" என்கிறாள். அவளுக்குப் புதுக் குழாய், நான் கோடையில் லாரிக்குப் பின்னால் ஓட வேண்டும், உன் மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து குடம் தூக்க ஆளில்லை. ஆகையால் ஒரு புதன்கிழமைக் காலையாகப் பார்த்து அந்தப் பெண்ணை மறுபடி அனுப்பி வை.

உனக்குப் பிரமோஷன் கிடைக்க ஸ்ரீரங்கத்தில் வேண்டிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல், அவள் கேட்டால்.

இப்படிக்கு,
அத்தை சகுந்தலா

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. தபாலில் போடுவதற்குள் கலைமதி தானாகவே திரும்ப வந்தாள். தெருவே கூடி உள்ளதைக் கொட்டினோம். எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிட்டு, "அய்யோ பாட்டி, மார்க்கு ரொம்பக் கீழ போயிடுச்சே. பலன் இல்லாத திட்டத்துக்குப் பணம் தர மாட்டாங்க" என்கிறாள்.

"நல்லா இருந்தாலும் கிடையாது, நல்லா இல்லாட்டியும் கிடையாதா?"

"பக்கத்துத் தெரு மாதிரி நடுவுல இருக்கணும் பாட்டி."

வீட்டுக்கு எத்தனை குடம் வந்தால் நடுவில் இருப்போம் என்று உடனே எழுது. நான் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். தண்ணீர் வருகிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.