வில்லன் திரித்த நாண்

எங்கள் அறையில் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் வாயால் கயிறு திரிப்பவர்கள். நிஜமாகவே கையால் திரித்து, அதனால் வேலையையும் இழந்த ஒரே மனிதன் உலகத்திலேயே வில்லன்தான்.

வில் வைத்திருந்ததால் வில்லன். மற்றபடி எறும்புக்கும் வழிவிடுகிற சாது. 1991-ல் மண்ணூரில் அறை எடுத்துத் தங்கி, நால்வரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் துணி துவைப்போம். அவன் சணல் நாரைப் பிரிபிரியாக முறுக்கி, வில்லுக்கு நாண் திரித்துத் தேன்மெழுகு தேய்ப்பான். கடையில் விற்கும் நைலான் நாணைக் காட்டினால், பச்சைக் குழந்தைக்குச் சாராயம் புகட்டியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

திரித்த நாணை உத்தரத்தில் கட்டி, செங்கல்லைத் தொங்கவிடுவான்.

"இன்னாடா இது, வூட்டுக்குள்ள செங்கல்ல தொங்கவுட்டுகினு கீற?" என்றேன்.

"நாணு இப்பவே நீண்டுக்கணும்பா. அப்பால நீண்டா குறி தப்பிடும்."

மறுநாள் செங்கல் நழுவிச் சாம்பார்ச் சட்டியில் விழுந்தது. தரையில் ஓடிய சாம்பாரைத் தாண்டிப்போய் நாணைத் தடவிப் பார்த்தான். "நல்லவேள, இதுக்கு ஒண்ணும் ஆவல."

ஆயுத பூஜைக்கு வில்வித்தை காட்டச் சொன்னார் மேனேஜர். எட்டு நாள் உட்கார்ந்து புது நாண் செய்தான். அன்றைக்கு விருந்தினர்கள் முன்னால் மேனேஜரே வில்லை வாங்கி, அம்பு வைக்காமல் காதுவரை இழுத்தார்.

"சார், வெறுமன வுடாதீங்க, அந்து பூடும்!"

விட்டார். நாண் அறுந்து அவர் கையிலேயே பளீரென்று விழுந்தது. எல்லோரும் மேனேஜரிடம் ஓட, வில்லன் மட்டும் குனிந்து நாணைப் பொறுக்கினான்.

"கை ரெண்டு நாள்ல ஆறிடும் சார். இது எட்டு நாள் வேல."

கொல்லென்று சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் அறையில் யாரும் சிரிக்கவில்லை.

விசாரணைக்கு எங்கள் மூவரையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். 'மட்டமான நாணைக் கொடுத்து மேனேஜரைக் காயப்படுத்தினான்' என்று டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம். கையெழுத்துப் போட்டேன். மற்ற இருவரும் என் பேனாவையே வாங்கிப் போட்டார்கள். வில்லனுக்கு வேலை போயிற்று.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தவனிடம், "பயந்துட்டேன்டா, மன்னிச்சுக்க" என்றேன்.

"வேல போனா போவுது, வுடு. நாணு மட்டம்னு எப்டிடா கையெழுத்து போட்ட? பக்கத்துல குந்திகினு பாத்தியே, ஒரு பிரியாவது தப்பா இருந்துச்சா?"

அவன் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கேயாவது இருந்து இதைப் படித்தால் கேட்டுக்கொள், வில்லா: ஒரு பிரிகூடத் தப்பாக இல்லையடா.