நூற்றுப் பதினைந்து தடைகள்

என் ரேடியோவை அந்த பிளக்கிலிருந்து எவராலும் பிடுங்க முடியாது என்று சபதம் செய்திருந்தேன். வீட்டில் இருப்பதே ஒரு பிளக். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ரேடியோவில் பாட்டைப் போட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுப்பேன். வாரம் முழுக்கத் தருமபுரிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கத்தும் வாத்தியாருக்கு இதுகூட இல்லையென்றால் எப்படி?

அந்த பிளக்குக்குத்தான் ஆபத்து வந்தது. என் மச்சான் சவுரியப்பன் பெங்களூரிலிருந்து தன் தங்கச்சிக்கு இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்துவிட்டான். கரண்டில் சுடும் பெட்டி! அதுவரை என் மனைவி ராஜமேரி சொம்பில் தணல் போட்டுத்தான் என் சட்டையைத் தேய்ப்பாள்.

"இனிமே ஞாயித்துக்கெழம காலையில துணி தேச்சிடலாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. படித்த படிப்பு எதற்கு இருக்கிறது? சிலேட்டை எடுத்தேன்.

"இங்க பாரு மேரி. பெட்டியில என்னா போட்டிருக்கு? இருநூத்தி முப்பது வோல்ட், ரெண்டு ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா மின்தடை. நூத்திப் பதினஞ்சு ஓம்!"

"அப்படின்னா?"

"நூத்திப் பதினஞ்சு தடை இருக்குதுன்னு அர்த்தம்."

"நம்ம கல்யாண ஓலைய மூணு ஞாயிறு கோயில்ல வாசிச்சு, தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியாரு கேட்டாரே. அப்ப நீங்க ஒண்ணுகூட சொல்லல. இப்ப நூத்திப் பதினஞ்சா?"

விடுவேனா? வகுத்தது பலிக்கவில்லை. பெருக்கினேன்.

"வோல்ட்டை ஆம்பியரால பெருக்கு. நானூத்தி அறுவது வாட்ஸ்! நம்ம பல்பு நாப்பதுதான். ஒரே நேரத்துல பதினொன்றரை பல்பு எரியற மாதிரி!"

"அரை பல்பு எப்படிங்க எரியும்?"

"சிரிக்காத. கணக்கு தெரியாதவங்க இதைத் தொட்டா ஆளே காலி!"

"ஐயோ, மாதாவே!" பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அறிவியல் வென்றது.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்து பாட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்குள் நுழைந்தேன். ரேடியோ அரிசி டின்மேல் அநாதையாகக் கிடந்தது. பெஞ்சில் கம்பளி. கம்பளிமேல் பெட்டி. பக்கத்தில் என் இடுப்பு உயரத்துக்குத் துணி.

"என்னா மேரி இது?"

"கணக்கு தெரியாதவங்க தொடக் கூடாதுன்னீங்களே. எனக்கு நாலு புள்ளைங்க. நான் தொடமாட்டேன் சாமி. நீங்களே தேயுங்க."

"வூட்டு ஃபியூஸ் போயிடும்!"

"போன மாசம் கம்பி மாத்தினப்ப, அஞ்சு ஆம்பியர் தாங்கும்னு நீங்கதான சொன்னீங்க? பெட்டிக்கு ரெண்டுதான். எனக்கு வகுக்கத் தெரியாது, பெருக்கத் தெரியாது. அஞ்சு பெருசா ரெண்டு பெருசான்னு மட்டும் தெரியும்."

அதற்குள் பக்கத்து வீட்டு மாதம்மாள் ஒரு மூட்டையோடு வந்துவிட்டாள்.

"வாத்தியாரே, இந்தத் தெருவுலயே கணக்கு தெரிஞ்சவரு நீங்கதான்னு ராஜமேரி சொல்லுச்சு. இதையும் ஒரு இழுப்பு இழுத்துடுங்க!"

"வேற தடை ஏதாச்சும் இருக்குங்களா?" என்றாள் ராஜமேரி.

முதல் சட்டையை விரித்தேன். தடை சொல்ல எனக்குக் கொடுத்திருந்தது கல்யாண ஓலை வாசித்த அந்த மூன்று ஞாயிறுதான்.