பாலசமுத்திரத்தில் நின்ற ஆம்புலன்ஸ்

அரைகுறையாகப் படித்தவன் சும்மா இருந்தாலே ஊருக்குப் பெரிய உபகாரம். நான் சும்மா இருக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் திருப்பதியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தற்காலிக கிளார்க்காகச் சேர்ந்தேன். அங்கே இருந்தது ஒரே ஆம்புலன்ஸ். "அடுத்து எந்த ஊரில் வண்டி தேவைப்படும் என்று கம்ப்யூட்டர் சொல்லும் டாக்டர். முன்கூட்டியே அங்கே நிறுத்திவிடலாம்" என்றேன். (வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையாவது நிரந்தரமாகியிருக்கும்.) டாக்டர் பாவம், நம்பிவிட்டார்.

ஆம்புலன்ஸ் பதிவேட்டைத் திருப்பதிக்குத் தூக்கிப்போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அது 'பாலசமுத்திரம் ரைஸ் மில்' என்று அச்சடித்துத் தந்தது. என் அக்கா எஸ்தர் வாழ்க்கைப்பட்டிருந்ததும் அதே ஊர்தான். அவளுக்கு அப்போது நிறைமாதம். "வண்டி உங்க ஊர்லயே நிக்கும், பயப்படாத" என்று பெருமையாகச் சொல்லியனுப்பினேன்.

வண்டி மில் வாசலில் மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் மில் முதலாளி நாயுடு என்னை வரச்சொன்னார். மனிதர் சோறு இறங்காமல் வாடிக் கிடந்தார். மகள்களையெல்லாம் வரவழைத்திருந்தார்.

"ஏம்ப்பா, கம்ப்யூட்டர்ல என் மில்லு பேரு வந்துகீதாமே. டிரைவர் சொன்னான். எனுக்கு எப்போ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வட்டாரத்தில் போன் இருந்தது அவர் மில்லில் மட்டும். யாரைப் பாம்பு கடித்தாலும் அங்கே வந்துதான் கூப்பிடுவார்கள். நாங்கள் பதிவேட்டில் எழுதியதெல்லாம் போன் வந்த இடம், நோயாளியின் ஊர் அல்ல.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. போன் இங்க இருக்கறதால..."

"அப்போ போன்தான் தோஷமா?"

இல்லை என்றேன். ஒரு வகையில் ஆமாம் என்றேன். விளக்க விளக்க எனக்கே குழம்பிவிட்டது, அவருக்குத் தெளிந்துவிட்டது. போன் டயலுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மகள்களோடு திருமலைக்குக் கிளம்பிவிட்டார். வண்டியையும் என்னையும் துரத்திவிட்டுத்தான்.

மறுநாள் காலை அக்காவுக்கு வலி கண்டது. மாமா மில்லுக்கு ஓடியிருக்கிறார். போன் பூட்டிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் கரும்பு ஏற்றும் டிராக்டரில் அக்காவைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். அது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது எங்கள் ஆம்புலன்ஸ் வேப்பமர நிழலில் நின்றிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். குழந்தை வழியிலேயே பிறந்து, அக்கா சேலையில் சுற்றிக் கிடந்தது.

"எங்கடா நிக்குது உன் வண்டி?" என்றாள் அக்கா. அவள் திட்டுவதைக் கேட்டதும், உயிரோடு இருக்கிறாளே என்று அழுதுவிட்டேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண் முழுகாமல் இருந்தாலும், பிரசவத்துக்கு எந்த ஊர் நல்லது என்று முதலில் என்னைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்லும் ஊரை விட்டுவிட்டு வேறு எங்காவது போகிறார்கள்.