நாட்டில் கிடைக்காத கர்ஜனை

"அந்தப் படத்துல சிங்கம் வாயை மட்டும்தான் திறந்துச்சு. கர்ஜனை என்னோடது!"

ஓய்வுபெற்ற டப்பிங்காரர் இதை ஆரம்பித்தாலே மனைவி சமையலறைக்குள் போய்விடுவாள். அவள் தம்பி, வக்கீல், எங்கும் போகமாட்டான். உட்கார்ந்து சிரிப்பான்.

"எங்க, இப்பக் கர்ஜிங்க அத்தான்."

"நினைச்சா வராது மச்சான். நியாயமான கோபம் வரணும். அன்னிக்குச் சோறு போடாம மைக் முன்னாடி நிறுத்தினாங்க, வந்துச்சு."

படத்தையே போட்டுக் காட்டிவிடலாம் என்று டிவியில் தேடினார். போஸ்டரில் சிங்கம் இருந்தது. அழுத்தினால், 'இது உங்கள் நாட்டில் கிடைக்காது.'

"என் தொண்டை என் நாட்டுலயே கிடைக்காதா? மாசாமாசம் சந்தா கட்டுறேனேடா!"

"உரிமையை நாடு நாடா பிரிச்சு வித்திருக்கான் அத்தான்."

டப்பிங்காரர் விபிஎன் போட்டார். டிவி, தான் ஏதோ வெளிநாட்டில் இருப்பதாக நம்பிவிட்டது.

"இது ஒப்பந்த மீறல். சந்தா கட்டுறப்ப 'சம்மதம்'னு அழுத்தினீங்களே, படிச்சீங்களா?"

"நீ படிச்சியா?"

வக்கீல் தண்ணீர் குடித்தான்.

"நான் என்ன திருடனா? டிக்கெட் வாங்கிட்டு வேற வாசல் வழியா வர்றேன், அவ்வளவுதான்."

"அந்த வாசல்ல உங்க டிக்கெட் செல்லாதே!"

படம் ஓடியது, அந்த நாட்டு மொழியில். சிங்கத்துக்கும் அந்த ஊர் ஆள் எவனோ குரல் கொடுத்திருந்தான். அதுக்கு ஜலதோஷம் பிடித்த பூனையே தேவலை. வக்கீல் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தான்.

டப்பிங்காரர் அடுத்த நாட்டுக்குத் தாவினார். அங்கிருந்து இன்னொன்றுக்கு. பாஸ்போர்ட் இல்லாமல் பாதி உலகத்தைச் சுற்றியதில் டிவிக்கே தலை கிறுகிறுத்து, கணக்கு முடங்கியது.

மனைவி வெளியே வந்தாள். "இன்னிக்கு என் சீரியல் முடியுது. முதல்ல அதைத் திறந்து குடுங்க, அப்புறம் கர்ஜிக்கலாம்."

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். எடுத்த பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

"இனிமே இப்படிப் பண்ணாதீங்க சார். திறந்துட்டேன்."

"பண்ண மாட்டேன்மா. ஆனா என் படத்தை நான் எப்படித்தான் பாக்குறது?"

"வேற நாட்டுக்குக் குடி போனா பாக்கலாம் சார்."

வந்தது கோபம்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் சங்கிலியோடு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடியது. மேல்மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் தானாக நின்றது.

போனில் அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியது. "சார், இந்தச் சிங்கத்துக்குப் பயந்து சின்ன வயசுல கட்டிலுக்கு அடியில கிடந்தவ நான். எனக்குத் தெரியாதா? என்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே பின்னாடி படத்தை ஓட விடுறீங்க! கணக்கை மொத்தமா மூடறேன்."

மனைவி தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

வக்கீல் போனை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மூடாதீங்கம்மா. நான் வக்கீல், கண்ணால பாத்த சாட்சி. இங்க எந்தப் படமும் ஓடல. அந்தச் சிங்கம் எங்க அத்தான்தான்."