புளிமாவுக்குத் தகப்பனார்

“யாரு ஜன்னலைத் தொறந்தது? அவனுக்குக் குளிரெடுக்குதுல்ல!”

விடிந்ததும் எக்கெஹார்டின் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு இதுதான். தினமும். ‘அவன்’ என்றதும் தொட்டிலில் பேரப்பிள்ளை கிடக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். ஊறுகாய் ஜாடியில் கிடக்கிற, ரொட்டியை உப்பவைக்கிற புளித்த மாவு. பெயர் ஃப்ரிடோலின்.

புளிமாவுத் தகப்பனார் என்று ஓர் இனம் இருக்கிறது. ஜெர்மனியில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். மூலைக்கு மூலை ரொட்டிக் கடை இருக்கிற நாடுதான். ஆனாலும் கடை ரொட்டியைக் கண்டால் இவருக்கு முகம் கோணிக்கொள்ளும். ரை தானிய மாவில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கலக்கி, நுரைக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காவல் கிடந்து, நுரைத்ததும் பேர் வைத்து, வேளாவேளைக்குத் தீனி போட்டு, ஓட்ஸ், உடைத்த கோதுமை, சூரியகாந்தி விதை எல்லாம் ஊறவைத்துச் சேர்த்துப் பிசைந்து, சுட்டெடுத்த ரொட்டியைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டி, “கேளு, கேளு, வெந்துடுச்சு!” என்று வீட்டிலிருக்கிற அத்தனை பேரின் காதையும் அதில் கொண்டுவந்து வைப்பார். சரி, சுடச்சுட ஒரு துண்டு கேட்டுப் பாருங்களேன்? கொலையாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

“நாளைக்குத்தான் வெட்டணும். உள்ள இன்னும் வேலை நடக்குது.”

அவர் மனைவி ரோஸ்விதாவுக்கு ரொட்டியோடு பகை இல்லை. ருசி அபாரம். அதை அவர் காதுபடச் சொல்லமாட்டாள். சொன்னால் அன்றைய பொழுது போச்சு. பனி கொட்டினாலும் காலையில் ஜன்னலை எல்லாம் விரியத் திறந்து காற்றாட விடாத வீட்டை அந்த ஊரில் வீடு என்றே சேர்க்கமாட்டார்கள். அந்தக் காற்றைக்கூட அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு வாரம் கடற்கரை. மூன்று கோடையாகக் கேட்டாள். மூன்று கோடையும் ஒரே பதில்தான்: “ஃப்ரிடோலினை யாரு பாத்துக்கறது?”

இந்த வருஷம் கேட்கவில்லை. லாங்கியோக் தீவில் ஒரு விடுதியில் அறை பிடித்துவிட்டு, பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் சொன்னாள். எக்கெஹார்ட் வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு வீப்கே அம்மாவுக்குத் தேர்வு வைத்தார்.

“அவனுக்கு என்ன மாவு குடுப்பீங்க?”

“மாவுன்னா மாவு. எது கைக்கு வருதோ அது.”

“எப்போ குடுப்பீங்க?”

“ஞாபகம் வர்றப்போ.”

கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இந்தம்மாகிட்ட ஒரு கூழாங்கல்லைக்கூட நம்பி விட முடியாது, ரோஸி.”

ஆகவே ஃப்ரிடோலினும் ரயிலேறினான். ஜன்னலோர இருக்கை அவனுக்கு. வழியில் பசிக்குமே என்று கிளம்பும்போதே வயிறு முட்டத் தீனி. குளிர் தாக்குமே என்று கம்பளிச் சட்டை. சிந்திவிடுமே என்று மூடிக்கு ஒரு முறுக்கு, அதன்மேல் இன்னொரு முறுக்கு. மூச்சு விடுகிற மாவை மூச்சு விட முடியாமல் மூடினால் என்ன ஆகும்? கொஞ்சம் திறந்து பார்க்கலாம் என்று அவர் முகத்தை அருகே கொண்டுபோய்த் திருகினார்.

டமார்.

ரயில் கூரை, எதிரே இருந்தவரின் செய்தித்தாள், எக்கெஹார்டின் தாடி. செய்தித்தாள்காரர் நிமிர்ந்து பார்த்து, “வெளிய வெயிலடிக்குதே, உள்ளயா மழை?” என்றார்.

எக்கெஹார்ட் எழுந்து நின்றார். “அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வீட்டுக்குப் போறோம். அவன் போயிட்டான், ரோஸி.”

“எறங்கு. சாவி உன் பையிலதான் இருக்கு. நான் கடலுக்குப் போறேன்.”

“அவன் போயிட்டான்ங்கறேன்!”

“எங்கயும் போகலை. உன் தாடியில உக்காந்திருக்கான். தேய்க்காத எக்கி! கரண்டியால வழிச்சு ஜாடியில போடு. தீவுல மாவு கிடைக்கும்.”

ஸ்டேஷன் வந்தது, போனது. அவர் வழித்துக்கொண்டே இருந்தார்.

விடுதிக்கார பெரெண்ட்ஸ் அம்மா நல்லவள். அதுதான் வினை. கஞ்சிக்கு வைத்திருந்த ஓட்ஸையும் முழு ரை மாவையும் எடுத்துக் கொடுத்து, அடுப்பையும் விட்டுக்கொடுத்தாள். ஃப்ரிடோலின் பொங்கினான். ரொட்டி வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் முக்காலியில் ரோஸ்விதா. ஏனென்றால் இந்த இனத்துக்கு மாவு, தண்ணீர், உப்பு மூன்றும் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து “அப்படியா!” சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவள் செருப்பைத் தேடினாலே, “எங்க கெளம்பிட்ட? இப்பதான உப்ப ஆரம்பிச்சிருக்கு!”

நேற்று மாடி அறைக்காரர் ஒருவர் இறங்கி வந்து, தெரியாத்தனமாக, “ரொம்பப் புளிக்குமோ?” என்று கேட்டுவிட்டார். எக்கெஹார்ட் அவர் பக்கம் திரும்பியதுதான் தாமதம், ரோஸ்விதா மணலில் இருந்தாள். கணுக்கால் நனைந்தது. அதற்குள் அந்த மனிதர் தப்பித்து ஓடிவிட்டார், பாவி.

இதைப் படித்துக்கொண்டு வரும்போது, ‘ஓட்ஸை எவ்வளவு நேரம் ஊறவைப்பாராம்?’ என்று உங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்ததா? மறைக்காதீர்கள். எழுந்திருந்தால் நீங்களும் அந்த இனம்தான்; உங்கள் வீட்டு ஜனங்கள் பாவம். ஆனால் உங்களைத்தான் ரோஸ்விதா தேடிக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து உடனே படகேறிப் போய் அந்தக் கேள்வியை அவரிடமே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி செய்கிறார்கள். அவளுக்கு இன்னும் முழங்கால்கூட நனையவில்லை.