கொழுந்துக்கு ஒரு துண்டு மீன்

சாத்தியிருந்த அறைக்கதவின் முன்னால் நின்று, உள்ளே கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த பூனைக்குட்டிக்கு கமலாம்பிகை டீச்சர் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக இதுதான் காலை வேலை. பாடி முடித்துக் கதவில் காதை வைத்துக் கேட்டார். ஒரு சின்ன மியாவ்கூட இல்லை.

"வரேல்லை," என்றார்.

"அதுக்குச் சங்கீதம் பிடிக்காது போல," என்றார் கணவர் சிவராசா, பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

பதுளையில் ஒரு மிருக வைத்தியர் வீட்டின் பின்பக்கத்தில், கைவிடப்பட்ட நாய் பூனைகளை வைத்துப் பராமரிக்கும் இடம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் ஷிப்னா, டீச்சரிடம் முன்பு கணக்குப் படித்தவள். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்துச் சாக்குக்குள் கண்டெடுத்த குட்டி என்பதால் அதற்குக் கொழுந்து என்றே பெயர் வைத்திருந்தாள். இரண்டு வீட்டார் அதைக் கொண்டுபோய், முகம் காட்டாத பூனை எங்களுக்கு எதற்கு என்று திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கூட்டின் மூலையில் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்த அந்தச் சின்னச் சாம்பல் முதுகைக் கண்டதும் டீச்சருக்கு நெஞ்சு இளகிவிட்டது. வகுப்பின் கடைசி வாங்கில் தலையைக் குனிந்துகொண்டிருந்த எந்தப் பிள்ளையையும் அவர் இதுவரை கைவிட்டதில்லை.

ஷிப்னா பழைய மாணவியாக இருந்தாலும் கண்டிப்பில் டீச்சரையே மிஞ்சினாள். குட்டி தானாக வெளியே வரும்வரை யாரும் அறைக்குள் நடமாடக்கூடாது, கட்டிலுக்கடியில் எட்டிப் பார்க்கவே கூடாது என்றாள். இரண்டு கிழமை கழித்து வருவேன், அதற்குள் குட்டி பழகாவிட்டால் திரும்பக் கொண்டுபோய்விடுவேன், மூன்றாவது முறையும் யாரும் அதைத் தூக்கி எறிய விடமாட்டேன் என்றாள். பெட்டியைக் கட்டுகிற நேரம் பார்த்து யாரோ அடிபட்ட நாயொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, அங்கே ஒரே அமளி. போர்வை, பிஸ்கட், மண் பை எல்லாம் வைத்த பெட்டி நல்ல கனமாக இருந்தது. டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் வீடு வந்து சேர்ந்தார்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் டீச்சர். மெல்பேர்னுக்குப் போய்விட்ட மகள் நிவேதிகாவின் அறையில், கட்டிலுக்கடியில் பெட்டியைத் தள்ளி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே மூடியைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

கதவோரம் உள்ளே வைத்த பால் திரிந்தது. தயிர்ச்சோறு காய்ந்தது.

"பூனை சைவமில்லையப்பா," என்றார் சிவராசா.

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். கமலாம்பிகையைக் கைப்பிடித்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு முட்டைகூட நுழைந்ததில்லை. அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக வேலை பார்த்த காலத்திலும் டீச்சர் கட்டிக்கொடுத்த கத்தரிக்காய்க் கறியைத்தான் சாப்பிட்டார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கத்தரிக்காயைச் சுடச்சுடச் சாப்பிட முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

டீச்சர் ஒரு பகல் முழுவதும் யோசித்தார். மாலையில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தைக்குப் போய், மீன்கடை மிப்ரானிடம் ஒரு துண்டு பாரை வாங்கிவந்தார். காராஜில் தனியடுப்பு மூட்டி, உப்பில்லாமல் அவித்தார்.

"உம்மட குரலுக்கு அது பயப்பிடுது," என்றார் சிவராசா. "தட்டைத் தாரும். நான் சத்தமில்லாமல் கொண்டுபோய் வைக்கிறன்."

காலையில் தட்டு காலி. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல சிவராசாவைத் தேடினால், அவர் கொய்யா மரத்தடியில் நின்று யாருடனோ தொலைபேசியில் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார். கச்சேரிச் சிநேகிதன் என்றார்.

அன்றிலிருந்து சிவராசா அடியோடு மாறிப்போனார். தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவி அறியாத மனிதர், குட்டியின் கழிவுக்கு வைத்த மண் தட்டை விடியமுன்னமே துப்பரவாக்கி வைத்தார். அதன் ருசியைப் பற்றியும் அக்கறையாகச் சொல்லத் தொடங்கினார். அவித்தது பிடிக்கவில்லைப் போலிருக்கிறது, பொரித்துப் பார்க்கலாம் என்றார். மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டினால் மணத்துக்காவது வெளியே வரும் என்றார்.

"பூனைக்கு உறைப்புக் கூடுமே?"

"இது குளிர் ஊர்ப் பூனையப்பா. உறைப்பில்லாட்டி உடம்பு தாங்காது."

டீச்சர் பொரித்தார். தட்டு காலியாக வந்தது, குட்டி வரவில்லை. சரி, குழம்பு வைத்துப் பார்ப்போம் என்று தேங்காய்ப்பாலும் பழப்புளியும் விட்டுக் குழம்பு வைத்தார். அதுவும் காலி. குட்டி மட்டும் வரவில்லை. ஆனால் என்ன ஒழுங்கு. முள்ளையெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அழகாக ஒதுக்கி வைத்திருந்தது. வளர்ப்பு என்றால் இதுதான் என்று டீச்சர் பள்ளிக்கூட அதிபரிடம்கூடப் பெருமையாகச் சொன்னார்.

மழை பிடித்துக் காராஜ் ஒழுகியது. அடுப்பு நனைந்தது. வேறு வழியில்லாமல் மீன்சட்டி சமையலறைக்குள் வந்தது. மூக்கைப் பொத்திய சேலைத் தலைப்பு இடுப்புக்குப் போயிற்று. செவுளைப் பார்த்துப் புதுமீனா என்று சொல்லுமளவுக்கு டீச்சர் தேறிவிட்டார். சந்தையில் மாணவர்களின் தாய்மார் அவரைப் பார்த்தும் பாராததுபோல் விலகிப்போனார்கள்.

வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டு ராமாமிர்தம் படலையடியில் வந்து நின்றார். பதுளையில் மளிகைக்கடை வைத்திருப்பவர், கோயில் சபைத் தலைவரும் அவர்தான். சிறுவர்களுக்கு டீச்சர் கோயிலில் நடத்தும் தேவார வகுப்பைப் பற்றிப் பேச வந்தவர், பேச முடியாமல் மூக்கைச் சுருக்கினார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா உங்க வீட்டுப் பக்கமிருந்து மீன் வாசம் வருதுங்களே டீச்சர். நாலு பேரு கேக்குறாங்க. நா என்னங்க பதில் சொல்றது?"

டீச்சருக்கு முகம் சுட்டது. அந்த வகுப்பு அவருக்கு உயிர். ஆனால் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்த அந்த முதுகும் கண்ணுக்குள் வந்து நின்றது.

"பூனை சைவமில்லை, ராமாமிர்தம்," என்றார். "குட்டி பழகும்வரைக்கும் வகுப்பை வேற ஆரிட்டையும் குடுங்கோ. இதை நான் விடமாட்டன்."

ராமாமிர்தம் போனபிறகு டீச்சர் சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மீன் வெட்டினார். சிவராசா மட்டும் அன்று எதிரே வந்து நிற்கக் கூச்சப்பட்டார். தட்டு என்னவோ வழக்கம்போலக் காலியாகத்தான் வந்தது.

இரண்டு கிழமை முடிந்தது. ஷிப்னா வருகிற அன்று டீச்சர் லீவு போட்டுவிட்டு, விடியவே எழுந்து பாரை பொரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். குட்டியை விட்டுத்தரமாட்டேன் என்று வாதாட ஆறு காரணங்களை மனத்துக்குள் அடுக்கியும் வைத்திருந்தார். வாசலில் முச்சக்கரவண்டி வந்து நின்ற சத்தம் கேட்டதும் சிவராசாவுக்குக் கொய்யா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவேண்டிய ஞாபகம் வந்துவிட்டது. முதல்நாள் இரவு முழுக்க மழை பெய்திருந்தது.

ஷிப்னா துணி மூடிய கூடையோடு உள்ளே வந்தாள். திரும்பக் கொண்டுபோகத்தான் கூடையோடு வந்திருக்கிறாள் என்று நினைத்த டீச்சர், அவள் உட்காருமுன்பே அடுக்கிவைத்த அத்தனை காரணங்களையும் மறந்துபோனார்.

"பிள்ளை, நான் மறைக்கேல்லை. இன்னும் அதின்ர முகத்தை ஒருக்காவும் பாக்கேல்லை. ஆனா வடிவாச் சாப்பிடுது. பொரிச்சாலும் சாப்பிடுது, குழம்பு வச்சாலும் சாப்பிடுது. இன்னும் ஒரு கிழமை தா. இதைக் கொண்டுபோகாதை."

ஷிப்னா டீச்சரையும் சாத்தியிருந்த அறைக்கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூடையைத் தரையில் வைத்துத் துணியை விலக்கினாள்.

உள்ளே கொழுந்து இருந்தது. அதே சாம்பல் முதுகு. அது மெல்லத் தலையைத் திருப்பியது. மூக்கை உயர்த்தி மோந்தது. கூடையிலிருந்து இறங்கி, தரையோடு தரையாகப் பதுங்கி, நேரே டீச்சரிடம் வந்தது. இரண்டு கிழமையாக என்ன சவர்க்காரம் போட்டும் மீன் வாசம் போகாத அந்த விரல்களை நக்கத் தொடங்கியது. யாரிடமும் போகாத குட்டி. டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெகு நேரம் கழித்துத்தான் அவருக்கு அடுத்த யோசனை வந்தது. மூடிக்கிடந்த அறைக்கதவைப் பார்த்தார்.

"அப்ப உள்ளுக்கை கிடக்கிறது என்ன பிள்ளை?"

"உள்ள ஒண்டுமே இல்லையே டீச்சர். அண்டைக்கு நாய் வந்த கரச்சல்ல குட்டி பெட்டிய விட்டுப் பாஞ்சு எங்கட அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சிருந்திச்சு. நாலஞ்சு நாள் கழிச்சுக் கண்டெடுத்த உடனே ஸாருக்குக் கோல் எடுத்தேனே. அவர்தான், டீச்சர் இப்பதான் மீன் சமைக்கப் பழகுறா, கை நல்லாப் படியட்டும், ரெண்டு கிழமை முடிஞ்ச பொறகு கொண்டு வாங்க எண்டு சொன்னாரு."